மாவ்ஷி வீட்டு வேலியில் கண்வலிப்பூ

தேஹு ரோடு டெப்போ குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், ரயில் பாதையை ஒட்டிய வரிசையின் கடைசி இரண்டு வீடுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒன்று எங்கள் வீடு. இன்னொன்று மாவ்ஷி வீடு. நடுவில் துருப்பிடித்த ஒரு கம்பி வேலி. நமக்கெல்லாம் இப்போது முட்டி தேய்ந்து, டப்பாவில் கிழமை பார்த்து மாத்திரை எடுக்கிற வயது. காலையில் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலியில் எந்தக் கம்பி எங்கே வளைந்திருந்தது என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் பால்கனிதான். சிஞ்ச்வட்டில் எங்கள் சொசைட்டி ஃபிளாட்டில், பழைய பெயின்ட் டிரம் ஒன்றில் போன வருஷம் ஒரு கிழங்கை ஊன்றினேன். நர்சரிக்காரன் அதை ‘அக்னிசிகா’ என்று ஏதோ சாமி பெயர் மாதிரி சொல்லித் தந்தான். ஒரு மழைக்காலம் பூத்தது, பிறகு காய்ந்து விழுந்தது. குளிர்காலம், கோடை முழுக்க வெறும் மண்தான். ஹிஞ்சேவாடிக்குக் கம்பெனி வண்டியில் போய்ப் பாதி உயிரோடு வீடு திரும்புகிற என் மகன், “இந்த வெறும் மண்ண எதுக்கும்மா காவல் காக்கறே?” என்று தினமும் கேலி செய்தான். போன வாரம் முதல் மழை பெய்தது. நேற்று காலை மண்ணைத் தள்ளிக்கொண்டு ஒரு முளை எட்டிப் பார்த்தது. இந்த வயதில் ஒரு முளையைப் பார்த்து அழுகிறவள் நானாகத்தான் இருப்பேன்.

அது கண்வலிப்பூ. பள்ளிப் புத்தகத்தில் செங்காந்தள் என்று கௌரவமாக இருக்கும். தாராபுரம் பக்கம் பிறந்த என் அம்மாவுக்கு அது கண்வலிப்பூதான். உற்றுப் பார்த்தால் கண் வலிக்குமாம். நான் வாழ்நாளெல்லாம் உற்றுப் பார்த்திருக்கிறேன், கண்புரை மட்டும்தான் வந்தது.

அப்பாவுக்கு ராணுவ டெப்போவின் ஸ்டோரில் வேலை. கல்யாணமான கையோடு அம்மாவை ரயிலேற்றிக் கூட்டி வந்துவிட்டார். நான் அங்கேயே பிறந்தேன். தெருவில் மராத்தி, பள்ளியில் ஹிந்தி, வீட்டில் கொங்குத் தமிழ் என்று எனக்கு மூன்றும் ஒட்டிக்கொண்டது. அம்மாவுக்கு எதுவும் ஒட்டவில்லை. அவளுடைய ஹிந்தி ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அதில் அவள் அதிகம் புழங்கியது ‘கல் லாவ்’. நாளைக்குக் கொண்டு வா. பால்காரனிடம் அதைத்தான் சொல்வாள், காய்கறி வண்டிக்காரனிடமும் அதைத்தான். மண்ணெண்ணெய்க்காரன் இவள் வாய் திறக்கும் முன்பே, “கல் லாவ்?” என்று கேட்டுச் சிரித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவான். அந்த இரண்டு வார்த்தையில் ஒரு குடும்பத்தையே நடத்தினாள் என் அம்மா.

பக்கத்து வீட்டு மாவ்ஷி சாதாராப் பக்கத்து மராத்திக்காரி. மாவ்ஷி என்றால் சித்தி, பெரியம்மா. அந்த வரிசைப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் மாவ்ஷிதான். அவர் வீட்டுக்காரரும் டெப்போவில்தான் வேலை. ஒன்பது கஜம் சேலையைக் கச்சம் வைத்துக் கட்டி, ரயில் சத்தத்தை அமுக்குகிற குரலில் பேசுவார். அம்மாவும் அவரும் மத்தியான வேளைகளில் வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவராக முறத்தோடு உட்காருவார்கள். மாவ்ஷி மராத்தியில் பேசுவார், அம்மா தமிழில் பதில் சொல்வாள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இருந்தாலும் பேச்சு நடக்கும், சிரிப்பும் வரும். பள்ளி விட்டு வந்ததும் நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தால், நான் வராமல் இருந்தபோதே நன்றாகப் புரிந்தது என்பது போல இருவரும் என்னைப் பார்ப்பார்கள்.

அம்மாவுக்கு அந்த ஊரில் இருந்த ஒரே மனுஷி அவர்தான். இதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. அம்மாக்களுக்குச் சிநேகிதி வேண்டும் என்று எந்தக் குழந்தைக்குத் தோன்றியிருக்கிறது?

நான் மூன்றாம் வகுப்பில் இருந்த வருஷம் மாவ்ஷியின் மருமகள் முழுகாமல் இருந்தாள். நான் அவளை வஹினி என்று கூப்பிடுவேன், அண்ணி என்று அர்த்தம். மெலிந்த உடம்பு, எப்போதும் பச்சை மாங்காய் வாசனை அடிக்கிற கை. வரப்போகும் குழந்தைக்காக மாவ்ஷி கோதடி தைக்க ஆரம்பித்தார். பழைய பருத்திச் சேலைகளை அடுக்கடுக்காக வைத்து ஓட்டுத் தையல் போட்டுத் தைக்கிற மெத்தைவிரிப்பு அது. எத்தனை பேர் உடுத்தி மென்மையான துணியோ அத்தனை நல்லது என்பார்கள். அம்மா தன் டிரங்குப் பெட்டியிலிருந்து, கல்யாணத்துக்கு எடுத்த பச்சைச் சுங்குடிச் சேலையைக் கொடுத்தாள். வெள்ளைப் புள்ளி போட்டு, மாம்பழ நிறத்தில் கரை வைத்தது. மாவ்ஷி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கோதடியின் மேல்பக்கத்துக்கு என்று தனியாக மடித்து வைத்தார். பிறகு வேலிக் கம்பிகளுக்கு நடுவே ஊசி போகவும் வரவுமாக, இருவரும் ஆளுக்கொரு ஓரமாகத் தைத்தார்கள்.

அந்த ஜூன் மாதம், முதல் மழை ஓய்ந்த ஒரு மாலையில், ஸ்டேஷன் பஜாரிலிருந்து அம்மாவும் நானும் நடந்து வந்துகொண்டிருந்தோம். ரயில் பாதை ஓரத்துப் பள்ளத்தைத் தாண்டும்போது அம்மா நின்றுவிட்டாள். பையை என்னிடம் கொடுத்தாள். புதருக்குள் குனிந்து, விரல் நீளத்துக்கு வந்திருந்த ஒரு முளையைப் பார்த்து, “இங்கயும் இருக்கறயா நீ?” என்றாள். யாரோ சொந்தக்காரரைச் சந்தையில் பார்த்தவள் கேட்பது மாதிரி கேட்டாள். பிறகு குடைக் கம்பியின் முனையால் சுற்றிலும் கிளறி, ஈர மண்ணோடு கிழங்கைப் பெயர்த்து எடுத்தாள். சின்னக் கலப்பை மாதிரி இரண்டாகப் பிரிந்த கிழங்கு.

“தொடாத கண்ணு. கெழங்கு வெசம். ஊட்டுக்குப் போயி நானே கையக் கழுவிக்கறேன்,” என்றாள்.

“விஷத்த எதுக்கும்மா வீட்டுக்குக் கொண்டு போறோம்?”

“பாக்கறதுக்குத்தான். எங்க பக்கமெல்லாம் கிளுவ வேலி பூரா இதுதான் ஏறிக் கெடக்கும். இந்த ஊருல எனக்குத் தெரிஞ்ச மூஞ்சி இது ஒண்ணுதான்.”

வேலியோரம் நட்டாள். கிழங்கு மட்டும்தான் விஷம் என்பது அவள் எண்ணம். செடி முழுக்க நஞ்சு என்று பிற்பாடுதான் நான் படித்தேன்.

செடி வளர்ந்த வேகம் இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது. காலையில் என் இடுப்புக்கு இருந்தது பள்ளி விட்டு வருவதற்குள் மார்புக்கு வந்துவிட்டது என்று சத்தியம் செய்வேன். ஒவ்வொரு இலையின் நுனியும் சுருண்டு, கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். கம்பி கிடைத்தால் கம்பி, காய்கிற துணி கிடைத்தால் துணி. ஒரு நாள் மாவ்ஷியின் சேலை முந்தானையையே பிடித்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே அதன் பிடியை விடுவித்து, துணிக்கொடி தாங்குகிற ஒரு பழைய மூங்கில் கழியைக் கொண்டுவந்து பக்கத்தில் ஊன்றினார். “வாடூ தே,” என்றார். வளரட்டும். பூ வருகிற வரைக்கும் அது என்ன செடி என்று அவருக்குத் தெரியவில்லை. இலையைப் பார்த்து ஏதோ மதராஸிக் கீரைக்கொடி என்று நினைத்திருக்கிறார்.

அந்தக் கழியைச் சுற்றி ஒரு ஊரே குடிவந்தது. கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்பும் தெளித்த புழுக்கள் இலையைத் தின்றன. எடுத்துப் போடட்டுமா என்று கேட்டேன். “தின்னுட்டுப் போவுது உடு. அதுக்கும் பசிக்கும்லொ,” என்றாள் அம்மா. புழுவைத் தேடி ஓணான் வந்தது. மழை விட்ட சமயத்தில் குச்சிக்குக் குச்சி தாவி ஒரு தையல்சிட்டு கத்தியது. வேர்ப்பக்கத்து ஈரத்தில் ஒரு தவளை, வாடகை கொடுத்தவன் போல உட்கார்ந்திருந்தது. மொட்டு விரிந்ததும் தேன்சிட்டு வர ஆரம்பித்தது. கருநீலமாக மின்னுகிற ஆண்சிட்டு, தலைகீழாகத் தொங்கும் பூவின் அடியில் மூக்கை நுழைத்துவிட்டுப் போகும். அம்மா அடுப்பைக்கூட மறந்து ஜன்னலில் நிற்பாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் அதிகம் பார்க்கவில்லை.

அந்தப் பூவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். விரியும்போது பச்சைதான். மறுநாள் மஞ்சள். பிறகு அடிப்பக்கம் மஞ்சளாகவே இருக்க, நுனியிலிருந்து சிவப்பு இறங்கிவரும். நெளிந்த இதழ்கள் எல்லாம் மேல்நோக்கி மடங்கி நிற்கும். முழுச் சிவப்பு வந்த அன்றைக்குத்தான் மாவ்ஷி அதைக் கவனித்தார்.

நான் அப்போது பள்ளியில் இருந்தேன். இனி சொல்வது அம்மா சொல்லிக் கேட்டது. மாவ்ஷி வேலியருகே வந்து, பூவைக் காட்டி, படபடவென்று என்னவோ சொன்னாராம். திரும்பத் திரும்ப ஒரே வார்த்தையைச் சொன்னாராம். அதற்குள் மழை பிடித்துக்கொள்ள, கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாராம்.

அவர் சொன்ன வார்த்தை ‘கள்லாவி’. அந்தப் பூவுக்கு மராத்தியில் அதுதான் பெயர். வீட்டில் வைக்காதே, பிடுங்கிப் போடு என்று சொல்லியிருக்கிறார். கள் என்றால் வேறு சில தமிழ்க் காதுகளில் பனைமரம் தெரிந்திருக்கும். என் அம்மாவின் காதில் அவளுக்கு அன்றாடம் பழக்கமான ஹிந்திதான் விழுந்தது. கல் லாவ்.

“மாவ்ஷிக்கு நம்ம பூவு வேணுமாமா கண்ணு. நாளைக்குக் கொண்டாரச் சொன்னாங்க,” என்றாள் என்னிடம், முகமெல்லாம் மலர்ந்து.

நானும் நம்பினேன். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. ஏனென்றால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வஹினிக்கு டோஹாள்ஜேவண். நம் வளைகாப்பு மாதிரி ஒரு விசேஷம். வளையலைவிட அதில் பூதான் முக்கியம். கர்ப்பிணிக்குப் பூவில் வங்கி, பூவில் ஒட்டியாணம், பூவில் கிரீடம் எல்லாம் பூட்டி ஊஞ்சலில் உட்கார வைப்பார்கள். பூ கேட்டார் என்றால் அதற்குத்தான் கேட்டிருப்பார். அம்மாவைப் பூ கொண்டுவரச் சொன்ன முதல் விசேஷம் அந்த ஊரில் அதுதான்.

காலையில் எழுந்து தலைக்குக் குளித்து, தன் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டாள். நன்றாகச் சிவந்த பூக்களாகப் பார்த்துப் பறித்து, வெள்ளித் தாம்பாளத்தில் வாழையிலை விரித்து வட்டமாக அடுக்கினாள். நடுவில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். அப்பா பார்த்துவிட்டு, “ஏம்புள்ள, உன்ற கல்யாணத்துக்குக்கூட இப்படிச் சீரு வரலியே,” என்றார். அம்மா வெட்கப்பட்டாள்.

மாவ்ஷி வீடு நிறையப் பெண்கள், பாடிக்கொண்டிருந்தார்கள். அகர்பத்தியும் தேங்காய் பர்ஃபியும் மணத்தன. வஹினி பச்சைச் சேலையில், மல்லிகைக் கிரீடத்தோடு ஊஞ்சலில் இருந்தாள். அம்மா வாசலில் செருப்பை விட்டு உள்ளே போய், தாம்பாளத்தை வஹினிக்கு நேராக நீட்டி, அந்த ஊரில் அவள் பேசியதிலேயே நீளமான ஹிந்தி வாக்கியத்தைச் சொன்னாள்.

“கல் லாவ் போலா நா. லாயா.”

நாளைக்குக் கொண்டு வா என்றீர்களே, கொண்டு வந்துவிட்டேன்.

பாட்டு நின்றது. யாரோ ஒருத்தி, “கள்லாவி,” என்றாள். அந்த வார்த்தை வாய்க்கு வாய் மாறிச் சுவரோரம் வரைக்கும் போனது. ஒருத்தி முந்தானையால் வஹினியின் வயிற்றை மூடினாள். மாவ்ஷி எழுந்து வந்து, புறங்கையால் தாம்பாளத்தைத் தட்டிவிட்டார். அது விழுந்து, உருண்டு, அடங்குகிற வரைக்கும் எல்லோரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் காலடியில் ஒரு பூ கிடந்தது. அம்மாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் கலையவில்லை, எப்படிக் கலைப்பது என்று அதற்குத் தெரியாதது போல அப்படியே இருந்தது.

நான்தான் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.

வீட்டில் என்னைக் கேட்டார்கள், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பள்ளியில் கோள் சொல்லிச் சண்டை மூட்டிவிடுகிறவனைக் கள்லாவ்யா என்போம். அப்படியென்றால் அது சண்டை மூட்டுகிற செடி. சரியான அர்த்தம்தான். ஆனால் அந்த வார்த்தையில் பாதிதான் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

“சண்ட மூட்டற செடின்னு சொல்லிப்போட்டு அவியதான சண்டைய மூட்டியிருக்கறாங்க,” என்றார் அப்பா. எங்கள் அப்பா நல்லவர். அவருக்குக் கோபம் வந்ததும் அம்மாவுக்காகத்தான். அதுதான் வினையாகிப் போயிற்று.

“நாம் போயி ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வந்தர்றனுங்க. தெரியாம பண்ணிட்டேன்னு சொன்னாப் போதும்,” என்றாள் அம்மா.

“என்ன தப்புப் பண்ணுனேன்னு போயி நிப்பே? ஆசையாக் கொண்டு போனதத் தட்டி உட்டவிய வந்து சொல்லட்டும்.”

“செடியவாவது புடுங்கிப் போட்டர்றேன்.”

“அதெல்லாம் வேண்டாம். நம்ம வேலி, நம்ம செடி.”

பார்க்கிறதற்காக மட்டும் நட்ட செடி, அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கொடிக்கம்பம் ஆகிவிட்டது. அப்பா ஆபீஸ் போகும்போது அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சைக்கிள் ஏறுவார். அம்மா அதன் பக்கமே போகவில்லை. தேன்சிட்டு மட்டும் நடந்தது எதுவும் தெரியாமல் வந்து போய்க்கொண்டிருந்தது. மத்தியானங்களில் முறம் வேலியோரத்துக்குப் போகாமல் சமையலறையிலேயே புடைத்தது. அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து தமிழ் கேட்க ஆள் இல்லை. சில நாட்கள் நான் பள்ளியிலிருந்து வந்து பேச்சுக் கொடுக்கிற வரைக்கும் அவள் வாயே திறந்திருக்க மாட்டாள் என்று குரலின் கரகரப்பிலேயே தெரியும்.

மழை ஓய்ந்ததும் செடி மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி விழுந்தது. அதன் காய்கள் வெடித்து, செக்கச்செவேலென்று விதைகள் தெரிந்தன. தாய்வீட்டுக்குப் போயிருந்த வஹினி குளிர்காலத்தில் ஒரு பெண்குழந்தையோடு திரும்பி வந்தாள். அந்தக் குழந்தையின் அழுகை சுவர் தாண்டிக் கேட்கும். கேட்டதும் அம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பாள். குழந்தையைப் பார்க்க அவள் போகவில்லை, அவர்கள் கூப்பிடவும் இல்லை.

ஒரு நாள் காலை வெயிலில் மாவ்ஷி வீட்டுக் கொடியில் கோதடி காய்ந்தது. தைத்து முடித்திருந்தார். கோதடிக்கு இரண்டு பக்கம் உண்டு. பச்சைச் சுங்குடிப் பக்கம் எங்கள் ஜன்னலைப் பார்த்துத் தொங்கியது. தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் மறுநாளும் அப்படித்தான் போட்டிருந்தார், அதற்கு அடுத்த நாளும். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். போகட்டுமா என்று அப்பாவிடம் அவள் கேட்கவில்லை. வா என்று அங்கிருந்தும் யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி ஒரு தும்மல் போட்டிருந்தால்கூடப் போதும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கோடையில் அப்பாவுக்கு வேறு மாநிலத்து டெப்போவுக்கு மாற்றல் வந்தது. சாமான்களை லாரியில் ஏற்றிய பிறகு, அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வேலியோரம் போனாள். அங்கே ஒன்றும் இல்லை, காய்ந்த மண்தான். அந்த மண்ணில் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். மாவ்ஷி தன் வாசற்படியில், இடுப்பில் குழந்தையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா நிமிர்ந்தாள். அப்பா லாரியிலிருந்து கூப்பிட்டார். அவ்வளவுதான்.

வருஷங்கள் ஓடின. என் கல்யாணம் என்னை மறுபடி இந்த ஊருக்கே கொண்டுவந்தது. வீட்டுக்காரருக்குச் சிஞ்ச்வட்டில் கார் பாகம் செய்கிற ஒர்க்‌ஷாப்பில் வேலை. என் முதல் பிரசவத்துக்கு அம்மா இங்கே வந்திருந்தாள். நர்சிங் ஹோமில் நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடக்க, ஆயா ஒருத்தி குனிந்து கேட்டாள்.

“களா யேதாத் கா?”

“என்ன கேக்கறாங்க கண்ணு?” என்றாள் அம்மா.

“வலி வருதான்னு கேக்கறாங்கம்மா,” என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதிலேயே விழுந்தது. கள். களா என்பதன் ஒருமை அது, பிரசவ வலி. சண்டை மூட்டுகிறது என்பது கள்லாவியின் ஒரு பாதி. வலி வரவழைக்கிறது என்பது மறுபாதி.

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நான் சொல்லாமலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“எங்க பக்கத்துல மருத்துவச்சியும் அந்தக் கெழங்கத்தான் வெச்சிருப்பா. வலி வல்லீனா அரைச்சுப் போடுவா,” என்றாள். பிறகு, “மாசம் நெறயாத புள்ளைக்கு நேரா நீட்டியிருக்கறேன். நானா இருந்தாலும் தட்டித்தான் உட்டிருப்பேன்,” என்றாள்.

அத்தனை வருஷம் அம்மா மாவ்ஷியை அற்பக் கோபக்காரி என்று நினைத்து மனதை ஆற்றி வைத்திருந்தாள். அந்த ஆறுதலும் அன்றைக்குப் போயிற்று. என் வலிக்கு நடுவில் அவள் கண்ணில் நீர் வழிந்ததைப் பார்த்து, ஆயா எனக்காக அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

“ஒருக்காப் போயி அவியளப் பாத்துட்டு வந்தரலாம் கண்ணு,” என்று தினம் சொல்வாள். பக்கத்து ஊர்தான், லோக்கல் ரயிலில் ஏறினால் இறங்க வேண்டியதுதான். ஆனால் குழந்தைக்குச் சளி, எனக்குக் காய்ச்சல், வீட்டுக்காரருக்கு ஷிப்ட். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. கடைசியில் ஒரு நாள் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு தேஹு ரோடு ஸ்டேஷனில் இறங்கினோம். அம்மா ஒரு டப்பாவில் தேங்காய் பர்ஃபி செய்து எடுத்து வந்திருந்தாள்.

அந்த வரிசை அப்படியே இருந்தது. வேலி இன்னும் கொஞ்சம் துருவேறியிருந்தது. தூரத்திலிருந்தே தெரிந்தது சிவப்பு. எங்கள் பழைய வீட்டுப் பக்கம் இல்லை, மாவ்ஷி வீட்டுப் பக்கம். நல்ல உயரமான மூங்கில் கழிகள் ஊன்றி, குறுக்கே கயிறு கட்டி, துணிக்கொடி வரைக்கும் ஏற்றி விட்டிருந்தார்கள். ஒன்றிரண்டு செடியல்ல, ஒரு பந்தலே இருந்தது. அதில் ஒரு தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கழியோடு தண்டைச் சேர்த்துக் கட்டியிருந்த துணிக்கிழிசல்களில் ஒன்று வெளுத்துப்போன பச்சை, அதில் வெள்ளைப் புள்ளி.

“கட்டி உட்டிருக்கறாங்க பாரு,” என்றாள் அம்மா.

கதவைத் தட்டினோம். திறந்தது மாவ்ஷி இல்லை. வடநாட்டுப் பெண் ஒருத்தி, கையில் சப்பாத்தி மாவு. அவர்கள் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது என்றாள். முன்பு இருந்தவர் ரிட்டயர் ஆகிக் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார், சாதாராப் பக்கம் ஏதோ கிராமம், பெயர் தெரியாது என்றாள். நாங்கள் செடியையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, அவளாகவே சொன்னாள். அந்த வயசான அம்மா சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். கோடையில் ஒன்றும் தெரியாது, மண்ணைக் கொத்திவிடாதே, மழைக்குத் தானாக வரும், வந்தால் கட்டிவிடு.

“என்ன செடி இது என்று கேட்டேன்,” என்று அவள் ஹிந்தியில் சொல்லிக்கொண்டே போனாள். “அவர் சொன்ன பெயரை எங்கள் ஊரில் கேட்டதே இல்லை. இந்த வரிசையில் மற்றவர்கள் வேறு என்னவோ சொல்கிறார்கள், அவர் மட்டும் அந்தப் பெயரைத்தான் சொல்வார். ‘கல் லாவ்’. விசித்திரமான பெயர் இல்லையா?”

அந்த ஹிந்தியை அம்மாவுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மழை தூற ஆரம்பித்தது. அந்தப் பெண் நல்லவள். வேண்டுமானால் ஒரு கிழங்கு தோண்டித் தரட்டுமா, நிறைய இருக்கிறதே என்றாள். என் வாயில் சரி என்று வந்துவிட்டது. அம்மா என் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

“வேண்டாம் கண்ணு. இங்கயே இருக்கட்டும். திரும்பி வந்தாங்கன்னா தேடுவாங்க.”

பர்ஃபியை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டு ரயில் ஏறினோம். அதற்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மழைக்காலங்களில் மட்டும், “இந்நேரம் அங்க பூத்திருக்கும்,” என்பாள். அவள் போய்ப் பல மழைகள் ஆகிவிட்டன. அந்த வரிசையை இடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பால்கனியில் பெயின்ட் டிரம் வைத்துக்கொண்டேன்.

மாவ்ஷி இன்னும் இருப்பார் என்று எதிர்பார்க்கிற அளவுக்கு நான் குழந்தை இல்லை. ஆனால் அவர் இடுப்பில் இருந்தாயே, அந்தக் குழந்தை நீ இருப்பாய். உனக்கும் இப்போது தலை நரைத்திருக்கும், உன் முட்டியும் பேச ஆரம்பித்திருக்கும். தமிழ் உனக்குப் படிக்க வராது. யாராவது படித்துச் சொன்னால் போதும். உங்கள் வீட்டில் ஒரு பழைய கோதடி இருக்கிறதா என்று பார். மேல்பக்கம் பச்சை, வெள்ளைப் புள்ளி, மாம்பழ நிறக் கரை. அதில் ஒரு ஓரத்துத் தையல் என் அம்மா போட்டது. இந்த மழை முடிந்தால் டிரம்மில் கிழங்கு இரண்டாகும், ஒன்று உனக்கு. எங்கே இருக்கிறாய் என்று மட்டும் சொல், நாளைக்கே கொண்டு வருகிறேன்.